திரும்பினால் போதுமா? நடக்க வேண்டாமா?

(தலைப்பு: ஆன்மிக வாழ்வில் பெரிது, மனந்திரும்பிய ஒரு நாளா? மனம் வளரும் ஒவ்வொரு நாளுமா? ‘ஒவ்வொரு நாளுமே’ என்ற அணியில் ஆற்றிய உரை)



நடுவர் அவர்கள் எனக்குக் கொடுத்திருப்பது எட்டு நிமிடம். ஐயா, மனந்திரும்புவதற்கு எட்டு நிமிடம் ஏராளம். ஆனால் மனம் வளர்ந்து காட்ட எட்டு நிமிடம் போதாது. இதிலேயே எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது. (சிரிப்பு)

எதிரணித் தலைவர் அம்மையார் மிக அழகாகப் பேசினார்கள். “அந்த ஒரு நாள் இல்லையென்றால் மற்ற நாட்கள் ஏது?” என்று கேட்டார்கள். அம்மா, ஒத்துக்கொள்கிறேன். கல்யாணமும் ஒரே நாள்தான். அந்த நாள் இல்லையென்றால் குடும்பம் ஏது? ஆனால் குடும்பம் என்பது தாலி கட்டிய நேரத்திலா தெரிந்தது? மறுநாள் காலையில், காபியில் சர்க்கரை இல்லை என்று ஒருவர் சொல்ல, போட்டுக்கொள்ளத் தெரியாதா என்று இன்னொருவர் கேட்டாரே, அங்கேதான் ஐயா குடும்பம் ஆரம்பம்! (சிரிப்பு, கைதட்டல்)

‘மனந்திரும்புதல்’ என்ற சொல்லைப் பாருங்கள். ஒரு தமிழாசிரியனாகச் சொல்கிறேன், அருமையான சொல். அதற்குள்ளே ‘திரும்பு’ இருக்கிறது. திரும்புவது யார்? வழியில் போகிறவன். எதற்காகத் திரும்புகிறான்? சரியான வழியில் நடப்பதற்காக.

திருநெல்வேலியில் ஒருத்தர் நாகர்கோவிலுக்குப் போகணும். தூக்கக் கலக்கத்தில் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறிட்டார். கண்ணை முழிச்சுப் பார்த்தா வல்லநாடு! “ஐயோ, தப்பான வண்டியில ஏறிட்டேனே”ன்னு அலறினார். கண்டக்டர் நல்ல மனுஷன். விசில் அடிச்சு இறக்கிவிட்டார். அதுமட்டுமா? எதிரே வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, “பாவம், காசு கேக்காதீங்க அண்ணாச்சி, ஏத்திக்கோங்க”ன்னு சொல்லி ஏத்தியும் விட்டார். அவர் அலறினது மனந்திரும்புதல். கண்டக்டர் செய்தது கிருபை. சரிதானே? ஆனா நம்ம ஆள், “அப்பாடா, தப்பான வண்டியிலிருந்து இறங்கியாச்சு”ன்னு வல்லநாடு நிழற்குடையிலேயே துண்டை விரிச்சுப் படுத்துட்டார்னா நாகர்கோவில் வந்துருமா? (சிரிப்பு) எதிரணியினர் இவ்வளவு நேரம் பேசியது அந்த நிழற்குடையின் பெருமையைத்தான்! (கைதட்டல்)

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய நண்பர் பெரிய ஆயுதம் ஒன்றை எடுத்தார். சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்வன். “அவனுக்கு ஏது ஒவ்வொரு நாள்? இருந்தது ஒரு நாழிகை. அதிலேயே பரதீசு கிடைத்ததே!” என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன்.

ஆனால் லூக்கா சுவிசேஷம் 23ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கை ஆணியில் இருக்கிறது. கால் ஆணியில் இருக்கிறது. அவனுக்கு மிச்சம் இருந்தது நாக்கு ஒன்றுதான். அந்த நாக்கை வைத்து என்ன செய்தான்? பழித்துப் பேசிய இன்னொரு கள்வனைக் கண்டித்தான். நமக்குக் கிடைத்தது நியாயமான தண்டனை என்று தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஊரே எதிர்த்து நின்ற நேரத்தில், இவர் தப்பு ஒன்றும் செய்யவில்லை என்று ஒரு நிரபராதிக்காகச் சாட்சி சொன்னான். இவ்வளவுக்கும் பிறகுதான் என்னை நினைத்தருளும் என்று கேட்டான். நண்பரே, அவனுக்கு இருந்தது ஒரு நாழிகை. அந்த ஒரு நாழிகையையும் அவன் வீணாக்கவில்லை. நமக்கு முப்பது வருஷம், நாற்பது வருஷம் கிடைத்திருக்கிறதே, நாம் என்ன செய்தோம்? அந்தக் கள்வன் உங்கள் அணி இல்லை ஐயா, எங்கள் அணி! (பலத்த கைதட்டல்)

எங்கள் நெல்லைச் சீமை தந்த கிறித்தவக் கம்பர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தை நமக்குத் தந்தார். அந்தக் கதையில் யாத்திரிகன் முதுகில் ஒரு பாவச் சுமை. சிலுவையைக் கண்டதும் அது கழன்று விழுகிறது. அவன் அவிழ்க்கவில்லை, தானாக விழுகிறது. அதுதான் கிருபை. சரி, சுமை விழுந்தது எங்கே? கதையின் முடிவிலா? இல்லை ஐயா, தொடக்கப் பகுதியிலேயே விழுந்துவிடுகிறது! அதற்குப் பிறகுதான் மலை ஏறுகிறான். இருண்ட பள்ளத்தாக்கில் நடக்கிறான். மாயச் சந்தையில் அடிபடுகிறான். சந்தேகக் கோட்டையில் சிறைப்படுகிறான். கடைசியில் ஒரு ஆறு. எதிரணியினர் சொல்வது சரியென்றால் பனியனும் கிருஷ்ண பிள்ளையும் சுமை விழுந்த இடத்திலேயே ‘முற்றும்’ போட்டிருப்பார்கள். போடவில்லையே!

“அது கதை, வாழ்க்கையில் காட்டுங்கள்” என்பீர்கள். காட்டுகிறேன்.

ஜான் நியூட்டன். 1725இல் லண்டனில் பிறந்த மாலுமி. ‘அமேசிங் கிரேஸ்’ என்று உலகமே பாடுகிறதே, அந்தப் பாட்டை எழுதியவர். 1748 மார்ச் மாதம். அட்லாண்டிக் கடலில் புயல். கப்பல் உடைகிறது, தண்ணீர் ஏறுகிறது. அந்த இரவு அவர் கடவுளைக் கூப்பிட்டார். பிழைத்தார். வாழ்நாள் முழுவதும் அந்த நாளை மறக்கவில்லை. எதிரணி தேடுகிற அந்த ‘ஒரு நாள்’ இதுதான்.

மறுநாள் என்ன ஆனது? அங்கேதான் ஐயா நெஞ்சு வலிக்கிறது. மனந்திரும்பிய அந்த மனிதர் மறுபடியும் அடிமைக் கப்பலுக்கே போனார். 1750 முதல் 1754 வரை கப்பல் தலைவனாகவே போனார். மேல்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை ஜெபம். கீழ்த்தளத்தில் சங்கிலியில் கட்டிய ஆப்பிரிக்க மக்கள். கடலை விட்டதுகூட மனச்சாட்சி உறுத்தியதால் இல்லை, உடம்பு கெட்டதால்! 1764இல் குருவானார். 1772இல் அந்தப் பாட்டை எழுதினார். அப்போதும் அடிமை வாணிகத்தை எதிர்த்து ஊரறிய ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1788இல்தான் சொன்னார். தான் கண்ணால் கண்ட கொடுமைகளை எல்லாம் எழுதி அச்சிட்டார். தானும் அதில் பங்காளி என்பதை ஒப்புக்கொண்டார். தன் அறிக்கை மிகவும் தாமதமாக வருகிறது என்று வருந்தினார். அடிமை வாணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்குத் துணை நின்றார். 1807இல் அந்த வாணிகத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் நியூட்டன் கண்ணை மூடினார்.

1748 எங்கே, 1788 எங்கே! கண்ணில் தண்ணீர் வர ஒரு இரவு போதுமாக இருந்தது. கண் திறக்க நாற்பது ஆண்டு ஆனது. அந்த நாற்பது ஆண்டும் வளராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாட்டுப் பாடுகிற ஒரு பழைய அடிமை வியாபாரியாகவே செத்திருப்பார். (கைதட்டல்)

“அப்படியானால் கிருபை வேண்டாமா? எல்லாம் மனித முயற்சிதானா?” என்று அம்மையார் கேட்டார்கள். இல்லை அம்மா. கிருபையை நீங்கள் ஒரே நாளில் செலவழிக்கிறீர்கள். நாங்கள் தினமும் வாங்குகிறோம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா விழுந்ததே, யார் விதைத்தது? யாரும் விதைக்கவில்லை, முழுக்க முழுக்கக் கிருபை. ஆனால் விடிந்ததும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கூடாரத்தை விட்டு வெளியே போனவனுக்குத்தான் கிடைத்தது. நாளைக்கும் ஆகட்டும் என்று பதுக்கியவன் பானையில் என்ன இருந்தது? புழு! நேற்று அழுத கண்ணீரும் அப்படித்தான். இன்றைக்கு ஆகும் என்று எடுத்து வைத்தால் நாறிப்போகும். அந்தப் புழுவுக்கு ‘நான் எப்பவோ திருந்திட்டேன்’கிற அகம்பாவம் என்று பெயர். இயேசு கற்பித்த ஜெபத்தில் பாருங்கள். அன்றன்றைக்குரிய அப்பத்தைக் கேட்ட கையோடு அடுத்து எதைக் கேட்கச் சொல்கிறார்? மன்னிப்பை! சோறு தினமும் வேண்டுமென்றால் மன்னிப்பும் தினமும் வேண்டும்.

நடுவர் அவர்களே, கடைசியாக ஒன்று. இது நகைச்சுவை இல்லை. என் சொந்தக் கதை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பனையேறும் குடும்பத்துப் பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவந்தான். அவ்வளவு நல்ல கட்டுரை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? தட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அறுபது பேர் முன்னால், “எங்கேருந்துடா திருடின?” என்று கேட்டேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வரவில்லை. ஒரு வாரம் கழித்து நூலகர் சொன்னார், “ஐயா, அந்தப் பையன் தினமும் பூட்டுற வரைக்கும் இங்கே உட்கார்ந்து எழுதினானே!” என்று.

அன்று ராத்திரி முழங்காலில் நின்று அழுதேன். எழுந்தபோது மனசு லேசாகத்தான் இருந்தது. என் மனைவி கேட்டாள், “ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க, சரி. அந்தப் பையன்கிட்ட கேட்டீங்களா?”

போனேன். பதநீர் காலம். முற்றத்தில் அவன் அம்மா கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. முதலில் ஒரு பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னாலேயே பட்டை என் கையில் இருந்தது ஐயா. கிருபை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. (கைதட்டல்)

பையன் திரும்ப வந்தான். அதே அறுபது பேர் முன்னால் என் தவறைச் சொன்னேன். அவன் படித்துத் தேறினான். ஆனால், நடுவர் அவர்களே, அப்படி ஒரு கட்டுரையை அவன் அதற்குப் பிறகு எழுதவே இல்லை. என்னை மன்னித்துவிட்டான். ஆனாலும் அவனுக்குள் நான் உடைத்தது உடைந்ததுதான்.

அத்தோடு நான் திருந்திவிட்டேனா? இரண்டே வருஷத்தில் இன்னொரு மாணவனிடம் அதே நாக்கு, அதே குத்தல். அன்றிலிருந்து ஒரு பழக்கம். வகுப்பு வாசலில் பத்து விநாடி நிற்பேன். ‘ஆண்டவரே, இன்றைக்கு ஒருநாள் இந்த நாக்கைப் பார்த்துக்கொள்ளும்’ என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். இன்று காலையிலும் நின்றேன். நாளைக் காலையிலும் நிற்க வேண்டும்.

நான் அழுத அந்த ராத்திரி எனக்குப் பெரிது. ஆனால் என் மாணவனுக்கு எது பெரிது? அவன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும்தான் பெரிது. ஆகவே, ஆன்மிக வாழ்வில் பெரிது மனம் வளரும் ஒவ்வொரு நாளுமே என்று தீர்ப்பு வழங்கும்படி நடுவர் அவர்களை வேண்டிக் கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)