சொந்தத் தோட்டத்தில் இளைஞர் பணி

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட இளைஞர்களும் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்திருந்த விருந்தினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மலையின் பசுமையைக் கண்டு மகிழ்ந்து செல்வோர் பலர். அப்பசுமைக்குப் பின்னுள்ள உழைப்பை எண்ணிப் பார்ப்போர் சிலரே. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு திருத்தித் தேயிலை நட்டவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர்.

இன்று கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் அயல்நாட்டார் பெருமளவில் வந்துள்ளனர். நம் பிள்ளைகள் பலர் நகரம் சென்றுவிட்டனர். அதில் குற்றமில்லை. ஆனால், படிப்பும் முற்றுப் பெறாமல், தொழிலும் கைவராமல் தோட்டத்திலேயே தங்கிவிட்ட இளைஞர்களுக்கு வழிகாட்டுவோர் யார்? அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரே அதற்கு ஏற்றவர் என்பது நம் கருத்து. ஆயினும், பிறந்த மண் என்பதனால் மட்டும் பணி எளிதாகிவிடாது.

நாம் ஆசிரியராக இருந்த காலத்தில், பிறந்த தோட்டத்திலேயே மாணவரைக் கொண்டு காய்கறித் தோட்டம் அமைத்தோம். எங்கே பாத்தி, என்ன விதை, யார் நீர் ஊற்றுவது என்று யாவற்றையும் நாமே முடிவு செய்தோம். விடுமுறை கழித்துத் திரும்பியபோது கீரை கருகிக் கிடந்தது. காரணம் கேட்டோம். "அது உங்கள் தோட்டம்தானே, சார்" என்றான் ஒரு மாணவன். நமக்கு அது பாடமாயிற்று. மறுமுறை ஆளுக்கொரு பாத்தி கொடுத்தோம். விதையை அவர்களே தேர்ந்தனர். வரவு செலவை அவர்களே எழுதினர். பயிர் பிழைத்தது.

இது புதிய முறையன்று. 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஏ. பி. கிரேம் என்ற பள்ளி மேற்பார்வையாளர் சிறுவர் சிறுமியரைச் சேர்த்து, மண்ணைச் சோதிக்கவும் நல்ல சோள விதை தேரவும் பழக்கினார். புதுமுறைகளை ஏற்கத் தயங்கிய தந்தையர், பிள்ளைகளின் விளைச்சலைக் கண்டு மனம் மாறினர். அதிலிருந்து வளர்ந்ததே 4எச் இயக்கம். நம் நாட்டிலும் 1974-ஆம் ஆண்டில் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வெறுமையாய்க் கிடக்கும் நிலத்தில் உணவுப் பயிர் செய்யுமாறு மக்களை ஊக்குவித்தார்.

பயிரிடக் கற்பிப்போர் மண்ணைக் காக்கவும் கற்பித்தல் வேண்டும். 2013-ஆம் ஆண்டு அக்டோபரில், அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. சரிவுகளை வரம்பின்றி வெட்டித் திருத்தியதனால் இறங்கிய மண், ஆற்றையும் நீர்த்தேக்கத்தையும் முன்னரே தூர்த்திருந்தது. அடர்ந்த தேயிலை சரிவு மண்ணைப் பிடித்து நிறுத்தும். வெறுமையாய் விடப்பட்ட மண்ணை மழை அடித்துச் செல்லும். இரப்பர்க் கன்றுகளிடையே பயற்றினக் கொடிகளைப் படரவிடும் காரணத்தை நீங்கள் அறிவீர்கள். அதே அறிவைக் காய்கறிப் பாத்தியிலும் கையாள்வோம்.

பணி தொடங்குமுன் மூன்றினை மறவாதீர்கள். முதலாவது, நிலம் நிர்வாகத்தினுடையதாயின் எழுத்து வழி அனுமதி பெறுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பயிரிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள். இரண்டாவது, சிறு அளவில் தொடங்குங்கள். மூன்றாவது, கணக்கேட்டை எல்லாரும் பார்க்குமாறு வையுங்கள்.

சிறு தொகை என்று எதையும் இகழ வேண்டா. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் செலுத்திய பணமே பின்னர்த் தோட்டங்களை வாங்கியது.

இளைஞர்களே! உங்கள் தம்பி தங்கையரிடம் ஒரு பாத்தியை ஒப்படையுங்கள். "இது என்னுடையது" என்று அவர்கள் சொல்லும் நாளில் உங்கள் பணி வேரூன்றிவிட்டது என்று கொள்ளலாம்.