மேசையிலிருந்து இறங்கிய பிறகு



தலைமை உரைக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முன்பே முடித்துவிடுவேன். மயக்க மருந்து கொடுத்தே காலம் கழித்தவனுக்குக் கடிகாரத்தைப் பார்க்கும் வழக்கம் விடாது.

பழைய கேஸ் ஷீட் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஊர் பெயரும் மருத்துவமனைப் பெயரும் வேண்டாம். குடலில் ஓட்டை விழுந்து வந்த ஓர் அம்மாவுக்கு இரவோடு இரவாக வயிற்றைத் திறந்து சரிசெய்தார்கள். மயக்கம் கொடுத்தது நான். எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று குறிப்பெழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு வார்டிலிருந்து அழைத்தார்கள். ஓடினேன். அங்கே எனக்குச் செய்ய அதிகம் மிச்சமிருக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து அந்தக் கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். நாடித்துடிப்பு 96, 108, 116, 124 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் மூச்சு எண்ணிக்கை: 18, 18, 18, 18. மூன்று நாளும் எல்லா ஷிப்டிலும் அதே 18. நாடி அப்படி ஓடும்போது மூச்சு மட்டும் ஒரே இடத்தில் நிற்காது. யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். எண்ணுவதென்றால் கட்டிலருகே முழுதாக ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்த வார்டில் இரவில் அறுபது கட்டிலுக்கு இரண்டு சிஸ்டர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எண்ணாமலே தெரிந்துகொண்டவர் ஒருவர் இருந்தார். கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருந்த தங்கை. "அக்காவுக்கு மூச்சு வாங்குது" என்று இரண்டு முறை எழுந்து போய்ச் சொல்லியிருக்கிறார். "ஆபரேஷன் பண்ணின வயிறும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

இறப்பு ஆய்வுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். தையல் எப்படிப் போட்டது, எந்த மருந்து, எத்தனை மில்லி. தியேட்டரில் பிழை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டோம். எழுதியது உண்மைதான். வார்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அறுவை சிகிச்சையின் தரம் என்றதும் நம் கண் தியேட்டர் விளக்கடிக்குத்தான் போகிறது. நோயாளி சாவது பெரும்பாலும் வேறிடத்தில். 45 வயதைக் கடந்து, இதயம் தவிர்த்த பிற அறுவைகளுக்கு ஆளானவர்களைப் பல நாடுகளில் பின்தொடர்ந்த 'விஷன்' ஆய்வு 2019இல் தந்த கணக்கைப் பாருங்கள். 40,004 பேரில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 715 பேர். அதில் தியேட்டரில் இறந்தவர்கள் ஐந்தே பேர். மருத்துவமனைக் கட்டிலில் 500 பேர். மீதி 210 பேர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு. அந்த 210 பேரும் நம் பதிவேட்டில் "நலமாக வீடு திரும்பினார்" என்ற வரியோடு முடிந்திருப்பார்கள்.

ஆப்பிரிக்காவில் 25 நாடுகளின் 247 மருத்துவமனைகளில் எடுத்த கணக்கு 2018இல் லான்செட் இதழில் வந்தது. அங்கே வந்தவர்கள் ஒப்பீட்டளவில் இளையவர்கள், வேறு நோய்கள் குறைந்தவர்கள். ஆனாலும் இறப்பு உலகச் சராசரியைப் போல் இரு மடங்கு. இறந்தவர்களில் 95 விழுக்காட்டினர் அறுவை முடிந்த பிறகே இறந்தார்கள்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது இவை இரண்டையும்விட 2009இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. அறுவைக்குப் பின் இறப்பு மிகக் குறைவான மருத்துவமனைகளையும் மிக அதிகமானவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நல்ல மருத்துவமனையில் சிக்கலே வராது என்றுதானே நினைப்போம்? சிக்கல் வந்தவர்கள் இறப்பு குறைந்த இடத்தில் 24.6 விழுக்காடு, அதிகமான இடத்தில் 26.9. கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரிய சிக்கல் வந்தவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தால் முதலாவதில் 12.5 விழுக்காடு, இரண்டாவதில் 21.4. சீழ், நிமோனியா, ரத்தக்கசிவு எல்லா வீட்டு வாசலையும் தட்டுகின்றன. சில வீடுகளில் உடனே எழுந்து விளக்குப் போடுகிறார்கள். மீட்கத் தவறுதல் என்று இதற்கு 1992லேயே பெயர் வைத்தாயிற்று. அந்த 18, 18, 18-க்கு ஒரு பெயர் உண்டு என்று எனக்குத் தெரியவே பல ஆண்டுகள் ஆயின.

இவ்வளவு பேசிவிட்டுச் சரிபார்ப்புப் பட்டியலைத் தொடாமல் போனால் நம் துறையில் மன்னிக்க மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்தார்கள். டெல்லியும் அதில் ஒன்று. இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் வெளிவந்ததும் உலகமே அதைச் சுவரில் ஒட்டியது. ஐந்தாண்டு கழித்துக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளின் கணக்கு வந்தது. பட்டியலுக்கு முன் இறப்பு 0.71 விழுக்காடு, பிறகு 0.65. பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை. பட்டியல் பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. நோயாளி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரிலேயே படுத்திருக்க, உள்ளே பட்டியலின் மூன்று பகுதிக்கும் டிக் அடித்து முடித்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் நானே அடித்ததும் உண்டு. இங்கே சிரிப்பவர்களும் அடித்திருப்பீர்கள்.

என் கட்சிக்கு எதிரான சான்றையும் நானே வைத்துவிடுகிறேன். வார்டில் கூடுதலாகக் கண்காணித்தால் உயிர் தப்புமா என்று அதே ஆப்பிரிக்கக் குழு 332 மருத்துவமனைகளில் சோதித்தது. ஆபத்து அதிகமுள்ளவரை அடிக்கடி பார்ப்பது, செவிலியர் மேசைக்கு நேராகக் கட்டில் போடுவது, உறவினரைப் பக்கத்தில் இருக்க விடுவது. நான் சொன்ன தங்கையை நினைத்துக்கொண்டே வகுத்தது போன்ற திட்டம். 2021இல் வந்த முடிவு: இறப்பு குறையவில்லை. பிரிட்டனில் அவசர வயிற்று அறுவைக்காக 93 மருத்துவமனைகளில் நடந்த 'எபக்' தர மேம்பாட்டுத் திட்டத்துக்கும் அதே கதி. 90 நாள் இறப்பு திட்டத்துக்கு முன்பும் பின்பும் 16 விழுக்காடு.

இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் சோர்ந்திருந்தேன். பிறகு ஒன்று உறைத்தது. அடிக்கடி பார் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பார்க்க ஆள் தரவில்லை. எபக் திட்டத்தில் 37 மாற்றங்களை ஒரே நேரத்தில் கேட்டார்கள். அறுபது கட்டிலுக்கு இரண்டு பேர் நிற்கும் இடத்தில் முப்பத்தெட்டாவது வேலையாக எதைக் கொடுத்தாலும் அது 18, 18 என்றுதான் நிரம்பும். இது என் ஊகம்தான். மறுப்பவர்கள் உணவு இடைவேளையில் வந்து சண்டை போடலாம்.

சின்னதாக ஒன்றைக் கேட்டவர்கள் ஜெயித்தும் இருக்கிறார்கள். வயிற்றை மூடும் முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றுங்கள், அவ்வளவுதான். இந்தியா உட்பட ஏழு நாடுகள், 81 மருத்துவமனைகள், 13,301 நோயாளிகள். காயத்தில் சீழ் பிடிப்பது 18.9 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைந்தது என்று 2022இல் காட்டினார்கள்.

ஆய்வே தேவைப்படாத ஒன்றும் நம்மிடம் இருக்கிறது: அறுவைக்கு முந்தைய பட்டினி. "ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் கூடாது." திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று வழிகாட்டு நெறிகள் எப்போதோ சொல்லிவிட்டன. நம் ஊரில் ஆபரேஷன் லிஸ்டில் ஏழாவதாக இருக்கும் பெரியவரை மாலை மூன்று மணிக்கு உள்ளே எடுப்போம். பதினேழு மணி நேரம் நாக்கு ஒட்டிக் கிடந்தவருக்கு நான் ஊசி போட ரத்தக்குழாய் தேடுவேன். ஏன் இப்படி? லிஸ்ட் எப்போது புரளும் என்று யாருக்கும் தெரியாது. யாராவது தண்ணீர் குடித்துவிட்டால் கேஸ் தள்ளிப்போகும். பழி வார்டு சிஸ்டர் மேல் விழும். எனவே எல்லோருக்கும் பத்து மணி. எவ்வளவு நேரம் பட்டினி கிடக்கலாம் என்று இனி யாரும் ஆராய வேண்டாம். லிஸ்டை யார் போடுகிறார்கள், மாறினால் வார்டுக்கு யார் போன் செய்கிறார்கள் என்று ஆராயுங்கள். ஒரு மருத்துவமனையில் மூன்று மாதம் போதும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.

இந்தக் கருத்தரங்குக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களை முழுக்கப் படித்தேன். பெரும்பாலானவை கடைசித் தையலோடு நின்றுவிடுகின்றன. "சிக்கல் ஏதுமில்லை" என்று எழுதியிருப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்: முப்பதாம் நாள் அந்த வீட்டுக்குப் போன் செய்தீர்களா?

வார்டு செவிலியர்கள் எழுதிய கட்டுரை ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. நாளை மாலை, எல்லோரும் பஸ் பிடிக்கக் கிளம்பும் நேரத்தில் அதைப் போட்டிருந்தார்கள். ஓர் இரவு வார்டில் முழு ஒரு நிமிடம் நின்று மூச்சை எண்ணி, கேஸ் ஷீட்டில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். இன்றைய முதல் அமர்வுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். அதனால் நாளைக்குத் தள்ளிப்போன ரோபோ அறுவைக் கட்டுரையாளர் என்னை மன்னிக்க வேண்டும். அந்த சிஸ்டர்கள் மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் வாருங்கள் அம்மா, மைக் தயாராக இருக்கிறது.