குங்குமம் குங்குமமாகத் தெரிய வேண்டும்

(நமது பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



தி.நகரில் பட்டுப்புடவை எடுக்கப் போனால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? புடவையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். பையைப் பிடித்துக்கொண்டு முப்பது வருஷம் பக்கத்தில் நின்றவன் நான். இது வீண் வேலை என்றுதான் நினைத்தேன். அதுதான் சரியான சோதனை என்று போன வருஷம்தான் எனக்குப் புரிந்தது.

என் அக்கா எங்களோடு வந்து தங்கியிருந்தார். பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர். காலில் உணர்ச்சி குறைவு. அதனால் தினமும் ராத்திரி படுக்கும் முன் ஹால் லைட்டில் என் மனைவி அவர் பாதத்தைப் பார்த்துவிடுவாள். ஒருநாள் காலை பால்கனி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது, சுண்டு விரல் ஓரம் நன்றாகச் சிவந்திருந்தது. முந்தின ராத்திரி பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. டாக்டரிடம் உடனே போனதால் பத்து நாள் கட்டோடு முடிந்தது. பழி முழுவதையும் பல்பின் மேல் போட மாட்டேன், எங்கள் கண்ணுக்கும் வயசாகிவிட்டது. ஆனால் அன்று ராத்திரி அதே லைட்டில் மறுபடி பார்த்தேன். அந்தச் சிவப்பு வெளுத்த பழுப்பாகத்தான் தெரிந்தது.

காரணத்தைத் தேடிப் படித்தேன். பழைய குண்டு பல்பில் எல்லா நிறமும் கலந்திருக்கும், சிவப்பு தாராளமாகவே இருக்கும். நாம் வாங்கும் வெள்ளை எல்இடிக்கு உள்ளே இருப்பது நீல விளக்கு. அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2014-இல் ஜப்பானில் பிறந்த மூன்று பேருக்கு நோபல் பரிசு. அதன் மேல் மஞ்சள் பூச்சு பூசினால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். மலிவான பூச்சில் சிவப்பு சரியாக வராது. விளக்கில் இல்லாத நிறத்தைப் பொருள் எப்படிக் காட்டும்?

இதை அளக்க சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் உண்டு. நூற்றுக்கு இத்தனை என்பார்கள். குண்டு பல்பு ஏறக்குறைய 100. சாதாரண எல்இடி 80. முதல் வகுப்பு மார்க்காயிற்றே என்று தோன்றும். இங்கேதான் சூட்சுமம். அந்த மார்க் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி மட்டுமே. அழுத்தமான சிவப்பு ஒன்பதாவது, ஆர்-9 என்று பெயர். அது சராசரியில் சேராது. காமர்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு வவுச்சரை அடியோடு பதியாமல் விட்டால் ட்ரயல் பேலன்ஸ் அழகாக டாலி ஆகும், கணக்கு மட்டும் தப்பாக இருக்கும். 80 வாங்கிய பல்பில் ஆர்-9 பூஜ்யத்தை ஒட்டி இருப்பது சர்வ சாதாரணம். நம்மில் சிலரின் பிள்ளைகள் இருக்கும் கலிபோர்னியாவில், வீடுகளுக்கான உயர்தர விளக்குக்கு சி.ஆர்.ஐ. 90, ஆர்-9 குறைந்தது 50 என்று கட்டட விதியே இருக்கிறது.

நாம் ஏன் இதைக் கேட்பதில்லை? 2014-இல் அரசு நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். ஒரு எல்இடி பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. 2016-இல் 38 ரூபாய். உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேல் பல்புகள் போயின. பெரிய சாதனை, கரண்ட் பில் குறைந்தது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு நமக்கு வாட்டும் விலையும் மட்டும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

கடையில் இதைக் கேட்டால், "வார்ம் ஒயிட் தரட்டுமா சார்?" என்பார்கள். அது வேறு. 3000 கெல்வின் என்றால் மஞ்சள் சாயல், 6500 என்றால் நீல வெள்ளை. மஞ்சளாக எரிகிற பல்பிலும் சிவப்பு செத்துக் கிடக்கலாம். பெட்டியில் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்று அச்சடித்திருக்க வேண்டும். ஆர்-9 போட்டிருந்தால் இன்னும் நல்லது. ஆர் என்று தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண் அவசியம்தான், ஆனால் அது பாதுகாப்புக்கு. நிறத்துக்கு அது ஜவாப்தாரி இல்லை.

அச்சடித்ததையும் அப்படியே நம்பாதீர்கள். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் குங்குமம் கொண்டு போங்கள். பல்பை எரியவிட்டு அதன் கீழே குங்குமத்தையும் உங்கள் உள்ளங்கையையும் பாருங்கள். குங்குமம் செங்கல் பொடி மாதிரி, கை பிணம் மாதிரி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செல்போன் கேமராவின் ஸ்லோமோஷனில் பல்பைப் பிடித்துப் பாருங்கள், மினுமினுப்பும் தெரிந்துவிடும். கடைக்காரர் சிரிப்பார். என்னைப் பார்த்தும் சிரித்தார்.

ஸ்ட்ரிப் லைட்டுக்கும் இதேதான். ரிச்சி தெருவில் ரோல் ரோலாகக் கிடைக்கும், பெரும்பாலானவற்றில் சி.ஆர்.ஐ. எழுதியே இருக்காது. ஃபால்ஸ் சீலிங் அலங்காரத்துக்கு அது போதும். சமையலறையில் மேல் அலமாரிக்கு அடியில் ஒட்டுவதற்கு 90 வாங்குங்கள், கீரையில் பழுத்த இலை தெரிய வேண்டும் இல்லையா. ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 5 மீட்டருக்கு 72 வாட். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். எலக்ட்ரீஷியன் 5 ஆம்பியர் அடாப்டர் மாட்டினால் விடாதீர்கள், 8 ஆம்பியர் கேளுங்கள். கடைசி முனை மங்கினால் இரண்டு பக்கமும் வயர் கொடுக்கச் சொல்லுங்கள். நேராக மரத்தில் ஒட்டாமல் அலுமினியச் சட்டத்தில் ஒட்டினால் சூடு வெளியேறும், நிறமும் நாள்பட நிற்கும்.

இப்போது சங்கத்து விஷயம். தீபாவளிக்கு மொத்தமாகப் பல்பு வாங்கலாம் என்று கமிட்டி ஒரே ரகத்துக்கு விலை கேட்டிருக்கிறது. என் யோசனை, இரண்டு ரகமாகக் கேளுங்கள். மாடிப்படி, காரிடார், கார் நிறுத்துமிடத்துக்கு 80 போதும், அங்கே 90 போடுவது தண்டச் செலவு. 90 பல்பு அதே வாட்டுக்குக் கொஞ்சம் வெளிச்சமும் குறைவாகத்தான் தரும். வீடுகளுக்கு மட்டும் 90 கேட்போம். வீடு முழுக்கவும் வேண்டாம். சமையலறை, சாப்பாட்டு மேஜை, கண்ணாடி முன்னால், பெரியவர்கள் மாத்திரை எடுக்கிற இடம், இந்த நாலு இடத்துக்குப் போதும்.

வரும் சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு மேஜையில் இரண்டு ஹோல்டரில் 80-ம் 90-ம் பக்கத்தில் பக்கத்தில் எரியும். ஒரு அரக்குப் புடவையோ இரண்டு தக்காளியோ எடுத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, கமிட்டியிடம் உங்கள் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். காபி உண்டு.