கறுப்புப் பட்டை வீண் இடமா?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், கிளப் ஹவுஸ் சினிமா மாலை பற்றி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தண்ணீர் லாரி, பார்க்கிங் என்று இரண்டு சூடான விஷயங்களுக்குப் பிறகு, தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். சினிமா என்றதும் பொழுதுபோக்குப் பேச்சு என்று நினைத்திருப்பீர்கள். நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

போன மாதம் நம் ஹாலில் 'தி டார்க் நைட்' புளூ-ரே போட்டோம், நினைவிருக்கிறதா? முதல் காட்சி வங்கிக் கொள்ளை. டிவி முழுக்கப் படம். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்துவிட்டது. முன்வரிசைப் பிள்ளைகள், "அங்கிள், டிவி சின்னதாயிடுச்சு!" என்று கத்தினார்கள். பின்னாலிருந்து ஒருவர், "இவ்வளவு பெரிய டிவி வாங்கி இடத்தை வீணாக்கலாமா சார்?" என்றார். ரிமோட் என் கையில் இருந்தது. 'ஜூம்' அழுத்தினேன். படம் திரையை நிறைத்தது. எல்லோரும் கைதட்டினீர்கள். எனக்கும் பெருமைதான்.

இடைவேளையில் சி பிளாக் பெரியவர் எழுந்து போய்விட்டார். களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து லிஃப்டில் பார்த்தபோது கேட்டேன். "எனக்குக் காது சரியா கேட்காது தம்பி. கீழே வர்ற எழுத்தைப் படிச்சுதான் படம் பார்ப்பேன். அன்னிக்குப் பாதியில எழுத்து காணாமப் போச்சு. எல்லாரும் ரசிக்கும்போது நிறுத்தச் சொல்ல மனசு வரலை" என்றார்.

சப்டைட்டில் வந்துகொண்டிருந்தது அந்தக் கீழ்ப் பட்டையில். நாம் வீண் என்று சொன்ன இடத்தில்தான் அவருடைய படமே இருந்தது. அதை வெட்டியது நான்.

அன்று இரவு உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். அந்தப் பட்டை ஏன் வருகிறது, ஏன் போகிறது என்று உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் டிவியின் வடிவம் 16:9. அதாவது உயரம் 1 என்றால் அகலம் 1.78. ஆனால் பெரிய ஆக்‌ஷன் படங்கள் பலவும் அதைவிட அகலமான 2.40:1 வடிவில் எடுக்கப்படுகின்றன. அகலத்தை முழுவதும் காட்ட வேண்டுமானால் திரையின் உயரத்தில் கால்வாசி காலியாகத்தான் இருக்கும். அதுதான் கறுப்புப் பட்டை. பட்டைக்குப் பின்னால் படம் ஒளிந்திருக்கவில்லை. மாறாக, ஜூம் செய்தால் அகலத்தில் கால்வாசி போய்விடும். பழைய 4:3 டிவிக் காலத்து வீடியோ கேசட்டுகளில் இதைவிட மோசம். திரையை நிரப்புவதற்காகப் பக்கங்களை வெட்டியதில், அகலப் படங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் போயிற்று. இருவர் பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரிந்ததெல்லாம் அப்படித்தான்.

சரி, 'தி டார்க் நைட்' படத்தில் வடிவம் ஏன் நடுவில் மாறுகிறது? டிவியில் கோளாறு ஒன்றும் இல்லை. 2008-இல் வந்த அந்தப் படத்தில் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனும் ஒளிப்பதிவாளர் வாலி ஃபிஸ்டரும் ஏறக்குறைய 28 நிமிடக் காட்சிகளை ஐமாக்ஸ் கேமராவில் எடுத்தார்கள். மிகப் பெரிய ஃபிலிம், உயரமான சட்டம், 1.43:1. மீதிப் படம் 2.40:1. ஐமாக்ஸ் அரங்கில் முக்கியமான காட்சி வரும்போது படம் மேலும் கீழும் விரியும். அந்த அனுபவத்தில் கொஞ்சமாவது வீட்டுக்கு வரட்டும் என்று புளூ-ரேயில் அந்தக் காட்சிகளை டிவி நிறையும்படி வைத்தார்கள். அதே படத்தின் டிவிடியில் முழுப் படமும் ஒரே அகல வடிவம்தான்.

எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. 2011-இல் வந்த 'மிஷன் இம்பாசிபிள்: கோஸ்ட் புரோட்டகால்' படத்தில் டாம் குரூஸ் துபாய் புர்ஜ் கலிஃபாவில் தொங்கும் காட்சியும் ஐமாக்ஸில் எடுத்ததுதான். ஆனால் அதன் புளூ-ரேயில் முதலிலிருந்து கடைசி வரை ஒரே வடிவம். வடிவம் மாறினால் கவனம் சிதறும் என்று நினைக்கிறவர்களுக்கு இதுவே பிடிக்கும். இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இரண்டுமே படம் எடுத்தவர்கள் பக்கத்தில் யோசித்துச் செய்த முடிவு. நான் அழுத்திய ஜூம் யாரும் யோசித்துச் செய்ததல்ல.

இன்னொன்றையும் கேளுங்கள். ஜூம் போட்டபடியே விட்டோமல்லவா? சிகாகோ தெருவில் அந்தப் பெரிய லாரி குட்டிக்கரணம் அடிக்கும் இடம் வந்தது. அது ஏற்கெனவே திரை நிறைந்த ஐமாக்ஸ் காட்சி. ஜூமில் அதற்கு நாலு பக்கமும் வெட்டு. கணக்குப் போட்டால் படப் பரப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவே போயிருக்கிறது. லாரி நெட்டுக்குத்தாக நிற்கும் உயரத்தைக் காட்டத்தான் அந்தச் சட்டம். அந்த உயரத்தைத்தான் நாம் பார்க்கவில்லை.

நாடகம் மாதிரித் தெரிகிறது என்று சிலர் சொன்னீர்களே, அது வேறு அமைப்பு. சினிமா நொடிக்கு 24 சட்டம். டிவி தானே இடைச் சட்டங்களை உருவாக்கிச் சேர்த்து வழவழப்பாக்குகிறது. கிரிக்கெட்டுக்கு அது நன்றாக இருக்கலாம். சினிமாவுக்கு அதை அணைத்துவிடுங்கள் என்று டாம் குரூஸே 2018-இல் ஒரு வீடியோ வெளியிட்டுக் கேட்டுக்கொண்டார். புது டிவிகள் பலவற்றில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் இந்த வேலையை அதுவே செய்துவிடும்.

உங்கள் வீட்டு டிவியில் ஜூம் போட்டுப் பார்ப்பது உங்கள் விருப்பம். கண் பார்வை குறைந்தவர்களுக்குப் பெரிதாகத் தெரிவது உதவியாகக்கூட இருக்கலாம். ஆனால் பொது ஹாலில் ஒரு பொத்தான் எல்லோருக்கும் சேர்த்து முடிவு செய்கிறது. கைதட்டியவர்கள் சத்தம் கேட்டது. எழுந்து போனவர் சத்தம் கேட்கவில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள். படம் தொடங்கும் முன் பட அளவை 'ஒரிஜினல்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று வைப்போம். சப்டைட்டில் எப்போதும் இருக்கட்டும். படம் ஓடும்போது யாராவது மாற்றச் சொன்னால், முதலில் ஹாலைப் பார்த்து, "எல்லோருக்கும் எழுத்து தெரிகிறதா?" என்று கேட்போம். இதை ஒரு சீட்டில் எழுதி ரிமோட்டின் பின்பக்கம் ஒட்டிவிட்டேன்.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை அதே படத்தை மறுபடியும் போடுகிறோம். பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி விட்டுவையுங்கள். பட்டை வரும்போது பிள்ளைகள் கத்தினால், ஏன் வருகிறது என்று இனி நீங்களே சொல்லிக்கொடுத்துவிடுவீர்கள்.