பதவியும் சொல்லாத பங்கும்

(நமது சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)





அமைச்சர்களின் பதவி விலகலும் மக்கள் நம்பிக்கையும் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் சட்டம் படித்தவன் அல்ல. போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் வெங்காய வியாபாரத்தில் உட்கார்ந்தவன். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பட்டர்வொர்த்தில் நமக்கு ஒரு கண்டெய்னர் வெங்காயம் இறங்குகிறது. கதவைத் திறப்பதற்கு முன்பே பணத்தில் ஒரு பகுதி போயிருக்கும். சரக்கு கெட்டிருந்தால் சர்வேயர் வந்து எத்தனை மூட்டை அழுகல் என்று எழுதுவார். விற்றவரும் அதை ஏற்றுக்கொள்வார், வாங்கிய நாமும் ஏற்றுக்கொள்வோம். ஒரு நாள், விற்ற கம்பெனியில் அந்தச் சர்வேயருக்கும் பங்கு உண்டு என்று தெரிய வந்தால்? அவர் எழுதிய கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் இனி அதைச் சரி என்று நம்ப நமக்கு வழியில்லை. பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் எடுத்துப் புரட்ட ஆரம்பித்துவிடுவோம். அமைச்சர் விஷயமும் இதேதான்.

நம் நாட்டில் இது புதிய கதை அல்ல. 1960களில் ஈப்போ நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டி.ஆர். சீனிவாசகம், அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் ஊழல் செய்ததாக அவையில் குற்றஞ்சாட்டினார். அவைக்குள் பேசியதற்கு வழக்குப் போட முடியாது; வெளியே வந்து சொல்லத் தயாரா என்று சவால் விட்டார்கள். அவரும் வெளியே வந்து சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குப் போட்டார், தோற்றார், 1965இல் பதவி விலகினார். அமைச்சரே போட்ட வழக்கில் அமைச்சரே தோற்றார் என்பதைக் கவனியுங்கள். சீனிவாசகத்தின் பெயரில் ஈப்போவில் பூங்கா இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லலாம்.

அண்மையில் நம்மையெல்லாம் உலுக்கியது சிங்கப்பூர் எஸ். ஈஸ்வரன் விவகாரம். போக்குவரத்து அமைச்சர், நம்மவர் என்று இங்கேயும் பெருமைப்பட்டோம். 2023 ஜூலையில் கைதானார், 2024 ஜனவரியில் பதவி விலகினார், அக்டோபர் 3ஆம் தேதி 12 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். வாங்கிய பொருள்கள் சுமார் 4 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி பெறும்: கார்ப் பந்தய டிக்கெட், இங்கிலாந்துக் காற்பந்து டிக்கெட், நாடக டிக்கெட், விஸ்கி, ஒரு மடக்கு சைக்கிள், தோஹாவுக்குத் தனி விமானப் பயணம். கொடுத்தவர்களில் ஒருவர் கார்ப் பந்தயத்தை நடத்தும் ஹோட்டல் தொழிலதிபர். அந்தப் பந்தயத்தின் அரசாங்கக் குழுவுக்குத் தலைவர் ஈஸ்வரன். இன்னொருவருடைய கட்டுமான நிறுவனம் போக்குவரத்து ஆணையத்தின் ரயில் நிலைய வேலையைச் செய்துகொண்டிருந்தது.

காற்பந்து டிக்கெட்டுக்கா சிறை என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். லஞ்சத் தடுப்புச் சட்டத்தின் கீழ் முதலில் போட்ட இரண்டு குற்றச்சாட்டுகளை, வழக்கு தொடங்கியபோது தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தப் பிரிவில், பதிலுக்கு அமைச்சர் என்ன செய்து கொடுத்தார் என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. தன் உத்தியோகத்தோடு தொடர்புள்ளவரிடம் மதிப்புள்ள பொருளை இலவசமாக வாங்கினார் என்றாலே போதும். அரசுத் தரப்பு கேட்டது ஆறேழு மாதம். நீதிபதி கொடுத்தது 12 மாதம். பொதுமக்களின் நம்பிக்கையைத்தான் காரணமாகச் சொன்னார்.

இதே 165ஆம் பிரிவு மலேசியச் சட்டத்திலும் இருக்கிறது. சிலாங்கூர் முன்னாள் மந்திரி பெசார் கீர் தோயோ, விற்றவர் 65 லட்சம் ரிங்கிட்டுக்கு வாங்கியிருந்த ஷா ஆலம் பங்களாவை 35 லட்சத்துக்கு வாங்கினார். அவருக்கும் 12 மாதம்தான்.

நமக்கு இது பிரிட்டிஷ்காரன் சொல்லித் தர வேண்டிய பாடமும் அல்ல. ஜகாத் வசூலிக்கப் போன ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டு விடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பதவி விலகல் என்பது கண்டெய்னரைத் திறந்து அழுகலைப் பார்த்த பிறகு நடக்கிற காரியம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, எனக்கு இதில் சம்பந்தம் உண்டு என்று சொல்லிவிடுவது. 2019 ஜூலை 1ஆம் தேதி நம் மக்களவை, எல்லா உறுப்பினர்களும் சொத்தை அறிவிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நல்லதுதான். ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு.

இனி நான் சொல்லப்போவது சில பெரியவர்களுக்குக் கசக்கலாம். மன்னிக்கவும். நம் சங்கத்தில் கூடாரம், சாப்பாடு, அச்சு வேலை, கட்டடப் பழுது எல்லாவற்றையும் பெரும்பாலும் நம் ஆட்களிடமே கொடுக்கிறோம். அதில் தப்பில்லை, விலையும் குறைகிறது. ஆனால் யாருக்கு எதில் பங்கு என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை. கல்வி நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். கமிட்டிக்காரர் ஒருவரின் பேரப்பிள்ளைக்கு அது கிடைக்கிறது. தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால், தகுதியால்தான் கிடைத்தது என்று அந்தப் பிள்ளை எப்படி நிமிர்ந்து சொல்லும்? நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கே இதனால் கெட்ட பெயர்.

ஆகவே இளைஞர் பிரிவின் கோரிக்கை இது. ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். தனக்கோ தன் குடும்பத்துக்கோ சம்பந்தமுள்ள விஷயம் கூட்டத்துக்கு வந்தால், உறுப்பினர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போகட்டும். நமக்குள் என்னப்பா எழுத்து, நம்பிக்கை இல்லையா என்று ஒரு மாமா கேட்டார். கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் மாமா, குர்ஆனிலேயே மிக நீளமான வசனம்.

நோன்புக் கஞ்சிக்கு வெங்காயமும் பூண்டும் என் கடையிலிருந்துதான் வருகின்றன. சங்கத்துக்குப் போட்ட விலையையும், அதே வாரம் வெளியில் விற்ற விலையையும் எழுதிச் செயலாளர் நானாவிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் கஞ்சிக் கணக்கு வரும்போது நான் வெளியே வராந்தாவில் இருப்பேன்.