ஓநாய்க்கு யார் சாட்சி?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலே விளையாட்டு மருத்துவனாக இருந்தவன் லாரி நாசர். சிகிச்சை என்றான், சீரழித்தான். 2014-லே பட்டதாரிப் பெண்ணொருத்தி முறையிட்டாள். பல்கலைக்கழகம் விசாரணை நடத்திற்று. யாரைக் கேட்டு? அவனோடு பழகிய, அதே பல்கலைக்கழக மருத்துவத் துறையினரைக் கேட்டு! ஆட்டைக் கடித்த வழக்கிலே ஓநாயின் தோழர்கள் சாட்சி! நாடகத்திலே இக்காட்சியை நான் எழுதினால், மிகை என்று நகைப்பீர்கள். குற்றமில்லை என்றனர், மீண்டும் நோயாளிகளிடமே அனுப்பினர். 2016-லே நாளேடொன்று திரையைக் கிழித்தது. அதுவரை அவன் அறைக்குள் அனுப்பப்பட்ட இளம்பெண்களுக்கு யார் பொறுப்பு? 2018-லே 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்திலே நிமிர்ந்து நின்று பேசினர். அவனுக்குச் சிறை, பல்கலைக்கழகமோ 50 கோடி டாலர் இழப்பீடு தர இசைந்தது. பேசியவர்களுள் ஒருத்தி, 1997-லேயே, தன் 16-ஆம் வயதிலேயே, பயிற்சியாளரிடம் இதைச் சொன்னதாகக் கூறினாள்!