மாத்திரையும் இரு தராசுகளும்



போவன்பள்ளிக்கு அண்மையில், பாலாநகரில், ஐ.டி.பி.எல். என்னும் அரசு மருந்து நிறுவனத்தின் ஆலை இயங்கியதை மூத்தோர் அறிவர். 1961-இல் தோன்றிய அந்நிறுவனத்தின் ஆலை ஓசை ஓய்ந்துவிட்டது. மருந்துத் தொழிலோ இந்நகரெங்கும் பரவியுள்ளது. ஆதலின் மருந்தை அளப்பது பற்றிச் சில சொல்ல முற்படுகின்றோம்.

பாரசிட்டமால் மாத்திரையில், அட்டையில் குறித்த அளவில் 95 முதல் 105 விழுக்காடு வரை மருந்து இருத்தல் வேண்டும் என்பது 'இந்தியன் பார்மகோப்பியா' என்னும் மருந்து நூலின் விதி. ஓர் ஆய்வுக்கூடம் 94.6 என்கிறது, மற்றொன்று 95.5 என்கிறது என வைத்துக்கொள்வோம். எது பொய்? இரண்டும் மெய்யாக அளந்தவையாகவே இருக்கலாம். காய்கறிக்காரர் தராசும் வீட்டுத் தராசும் ஒத்துப்போவது அரிதென்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்!

இருபது மாத்திரைகளைப் பொடித்து, சிறிதளவைக் காரநீரில் கரைத்து, 257 நானோமீட்டர் ஒளியை அக்கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறதெனப் பார்ப்பது நெடுநாளைய முறை. தராசு, குடுவையின் கோடு, அறையின் வெப்பம், ஒளிமானி ஆகிய ஒவ்வொன்றும் சிறிது பிழை சேர்க்கும். ஒரே கூடத்தில் ஒரே கை பத்து முறை அளந்தால் இது முழுதும் தெரியாது. சாய்ந்த கருவி பத்து முறையும் ஒரே பக்கமே சாயுமன்றோ? கூடமும் கையும் கருவியும் மாறும்போதுதான் உண்மைச் சிதறல் வெளிப்படும். இதனைக் கணித்துச் சொல்வதே அளவை ஐயப்பாடு. பிழைகளை நேரே கூட்டுவதில்லை. வர்க்கங்களைக் கூட்டி மூலம் காண்பர். 3-உம் 4-உம் சேர்ந்தால் 7 அன்று, 5.

பல கூடங்கள் கூடிச் செய்த ஆய்வுகளைத் திரட்டி நோக்கிய அமெரிக்கர் வில்லியம் ஹார்விட்ஸ், 1980-இல் ஒரு சூத்திரம் தந்தார். தூய பொருளில் கூடங்களுக்கிடையே திட்ட விலக்கம் ஏறத்தாழ 2 விழுக்காடு. பத்து இலட்சத்தில் ஒரு பங்கை அளக்கையில் 16 விழுக்காடு. இன்றைய நல்ல மருந்துக்கூடங்கள் இதனினும் செம்மையாகவே அளக்கின்றன. எனினும் எல்லைக்கோட்டில் நிற்கும் மருந்துக்கு அரை விழுக்காடே வாழ்வும் தாழ்வும்.

1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்தது. அரசு ஆய்வறிஞரின் அறிக்கையை மறுப்போர் 28 நாளுக்குள் தெரிவித்தால், முத்திரையிட்ட மறுபங்கு கொல்கத்தாவின் மத்திய மருந்து ஆய்வுக்கூடத்துக்குச் செல்லலாம்; அதன் முடிவே முடிவு.

மருந்து நூலோ கண்டிப்பானது. இயல்பான ஆய்வுப் பிழைக்கு எல்லைக்குள்ளேயே இடம் விட்டாயிற்று, மேலும் சலுகையில்லை என்கிறது. 94.6 கண்டவர் ஒன்று கூட்டிக்கொண்டு தப்ப இயலாது. இது முறையே என்பது எம் கருத்து; அச்சலுகை நோயாளியின் பங்கிலிருந்தன்றோ கழியும்? செய்வோரே தம் கூடத்தின் ஐயப்பாட்டை முன்னரே கணித்து, 95-ஐ ஒட்டி நில்லாமல் உள்ளே தள்ளி நிற்கட்டும்.